வெளியாள் போன பிறகு

மூன்றாவது தடவையாக அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த துருவி, சோதனைக்கென்று வைத்திருந்த பொய் நோயாளியின் பெயரைத் தட்டினாள். தட்டிய விரல் மேலே எழும்புவதற்குள் பக்கம் திறந்துகொண்டது. அவளுக்கு அழுகை வராத குறை.

"பாருங்க, எப்படி நடிக்குதுன்னு" என்றார் பின்னால் நின்றிருந்த ரிசப்ஷன் அக்கா. "உங்களைப் பார்த்தா மட்டும் பெட்டிப்பாம்பா அடங்கிடுது. நீங்க படியிறங்கினதும் பாருங்க, ஒரு பேரைத் தட்டிட்டு நான் போய் தண்ணி குடிச்சிட்டு வரலாம்."

"இன்னொரு தடவை தட்டிப் பார்க்கறேன்க்கா."

"நூறு தடவை தட்டுங்க. உங்களுக்குத் திறக்கும்."

நூறு இல்லை, திறந்ததை மூடி மூடி இருபது தடவை தட்டினாள். இருபது தடவையும் திறந்தது.

அது ஒரு பிசியோதெரபி மையம். முட்டி மடங்காதவர்கள், தோள் தூக்க முடியாதவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் வருகிற இடம். உள்ளே ஒன்பது அறைகள். வந்தவர் லேசில் வெளியே போக முடியாது. ஓர் அறையில் சூடு வைப்பார்கள், அடுத்த அறையில் நீவிவிடுவார்கள், அதற்கடுத்த அறையில் நடக்க வைப்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். யார் எந்த அறையில் இருக்கிறார், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் திரையில் காட்டும் செயலியைச் செய்து கொடுத்தது துருவியும் அவளுடைய அண்ணியும் நடத்துகிற இரண்டு பேர் நிறுவனம். நிரல் எழுதுவது துருவி. வாடிக்கையாளர்களிடம் பேசுவது, சண்டை போடுவது, சமாதானமாவது மூன்றும் அண்ணியின் இலாகா. துருவி என்ற பெயரை வைத்ததும் அண்ணிதான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், மிக்ஸி ஏன் இவ்வளவு சூடாகிறது என்று நாத்தனார் அதைப் பிரித்துப் போட்டுத் துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்து வைத்தது. மிக்ஸி பிறகு ஓடவே இல்லை, பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதமாக இந்தத் தொல்லை. உள்ளே ஒன்பது அறைகளிலும் செயலி ஒழுங்காக ஓடுகிறது. முன்மேசைக் கணினியில் மட்டும், திடீர் திடீரென்று, ஒரு பக்கம் திறக்கப் பத்து விநாடி, இருபது விநாடி. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஊன்றுகோலோடு நிற்பவருக்கு இருபது விநாடி என்பது நீண்ட காலம்.

முதல் தடவை வந்தபோது கேபிளை மாற்றினாள். இரண்டாவது தடவை, பிரவுசரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அதற்குப் பிறகு மையமே ஒரு புத்தம்புதுக் கணினியை வாங்கி வைத்தது. மூன்றுக்கும் பலன் ஒன்றே. அவள் இருக்கும்வரை பறக்கும், அவள் போன பிறகு படுத்துக்கொள்ளும்.

சர்வரைக் கேட்டால் அது வேறு கதை சொன்னது. எந்தக் கோரிக்கை எப்போது வந்தது, பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று சர்வர் ஒரு பதிவு எழுதி வைக்கும். அதில் முன்மேசைக் கணினிக்குப் பதில் சொன்ன நேரமெல்லாம் எண்பது மில்லி விநாடி, தொண்ணூறு மில்லி விநாடி. இமைப்பதைவிடக் குறைவு. அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வரும் விநாடிகள் அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பதிவு பொய் சொல்லாது. ஆனால் எதை அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டாக்டரின் அறைக்குள் ஒரு தாளில், நோயாளி உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே பெஞ்சில் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. தாளை மட்டும் பார்த்தால், அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதே இல்லை. சர்வரின் பதிவும் அப்படிப்பட்ட தாள்தான். கோரிக்கை சர்வரின் வாசலைத் தொட்ட பிறகுதான் அதன் கணக்கு தொடங்கும். ஆக, வாசலைத் தொடுவதற்கு முன்னால் எங்கேயோ ஒரு பெஞ்ச் இருக்கிறது. துருவிக்கு அது தெரிந்தது. பெஞ்ச் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. கேபிளில் இல்லை, கணினியில் இல்லை. அவள் பார்க்கும்போது எங்கேயுமே இல்லை.

புதன்கிழமையான அன்று, மையத்தை நடத்துகிற பெரிய டாக்டர் துருவியையும் கூட வந்திருந்த அண்ணியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணி துருவியின் காதருகில், "நீ வாயைத் திறக்காதே, நான் பேசறேன்" என்றாள்.

பேசியது பெரிய டாக்டர்தான்.

"கேபிள் புதுசு. கம்ப்யூட்டர் புதுசு. உங்க சர்வர் எண்பது மில்லி செகண்டுங்கறீங்க. நீங்க உட்கார்ந்தா நல்லா ஓடுது. அப்போ மிச்சம் என்ன இருக்கு?" அவர் தன் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "உட்கார்ற ஆள்தான் மிச்சம். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. தப்பா எதையோ அழுத்தறாங்க. பேஷன்ட்ஸ் என்கிட்ட வந்து கத்தறாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவங்களைக் கீழே ரெக்கார்டு ரூமுக்கு மாத்தப் போறேன்."

"சார், அது..." என்று தொடங்கிய துருவியின் காலை அண்ணி மேசைக்கடியில் மிதித்தாள்.

"நீங்க ஒரு ரிப்போர்ட் குடுங்க. சிஸ்டத்துல குறையில்லைன்னு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள. பத்தொன்பது வருஷம் இங்க இருக்கறவங்க. ஒரு காகிதம் கையில இல்லாம நான் மாத்த முடியாது."

வெளியே வந்தபோது ரிசப்ஷன் அக்கா தலை நிமிராமலே கேட்டார். "கீழேயா?"

"ஆமாக்கா" என்றாள் துருவி.

"கீழே ஜன்னல் கிடையாது தங்கச்சி" என்றார் அக்கா. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஒரு கிழவர் படியேறி வந்துகொண்டிருந்தார். "அவரைப் பாருங்க. ஆறு வாரம் முன்னாடி, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் தாங்கிப் பிடிச்சு வந்தாரு. இப்போ கைப்பிடியைத் தொடாம ஏறுறாரு. தொடலை பாருங்க. நான் பார்க்கறேன்னு தெரியும் அவருக்கு, அதான் இந்தப் பந்தா. இதைப் பார்க்கத்தான் நான் காலையில கிளம்பி வர்றேன். கீழே போனா வெறும் ஃபைலு." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நீங்க நேரம் குறிச்சு வைக்கச் சொன்னீங்களே. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கேன். பேரு கீரு எதுவும் இல்லை, பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

*

அலுவலகம் என்பது அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. ஒரு பக்கம் இரண்டு மேசை, மறுபக்கம் குறுக்கே ஒரு கொடி. மழை நாட்களில் வீட்டுத் துணியெல்லாம் அங்கேதான் காயும். வியாழக்கிழமை மழை. அண்ணனுடைய சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துருவி அக்காவின் தாளை விரித்தாள்.

மொத்தம் நாற்பத்தொரு வரிகள். நேரம், அதற்கு எதிரே விநாடிகள். அவள் எதிர்பார்த்தது, காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் மெதுவாகும், மதியம் வேகமாகும் என்று. உலகத்தில் எல்லாச் செயலியும் அப்படித்தான். கூட்டம் கூடினால் திணறும், கலைந்தால் மூச்சு விடும்.

தாளில் தலைகீழாக இருந்தது. காலையில் எல்லாரும் முட்டி மோதும்போது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நான்கு விநாடி. மதியம் இரண்டு மணிக்கு, மையமே தூங்கி வழிகிற நேரத்தில், பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தேழு.

"அண்ணி, வேலை இல்லாதப்போதான் இது களைச்சுப் போகுது."

"உங்க அண்ணன் மாதிரியே இருக்கு" என்றாள் அண்ணி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விளையாடாதீங்க. எனக்கு மண்டை வெடிக்குது."

"மண்டையை ஏன் வெடிக்க விடறே? அவர் என்ன கேட்டார்? சிஸ்டம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்கன்னார். நம்ம சிஸ்டம் நல்லா இருக்குன்னு வாடிக்கையாளரே கேட்டு வாங்கறது எத்தனை பேருக்கு வாய்க்கும்?"

"அந்தக்கா கீழே போயிடுவாங்க."

அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது எனக்கும் ராத்திரி பூரா உறுத்துச்சு. ஆனா நீ எழுதலைன்னாலும் அவர் வேற யாரையாவது வச்சு எழுதி வாங்குவார். கண்டுபிடி. அதுக்குத்தானே உனக்கு இந்தப் பேரு?"

துருவி மறுபடி தாளில் விழுந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. நாற்பத்தொரு வரிகளில் ஒன்றுகூட முப்பதைத் தாண்டவில்லை. இருபத்தெட்டு இருந்தது, இருபத்தொன்பது இருந்தது, இரண்டு இடத்தில் முப்பதே இருந்தது. முப்பத்தொன்று இல்லை. தானாகக் கெட்டுப்போகிற எதுவும் இப்படி ஒரு கோட்டில் வந்து நிற்காது. யாரோ ஒருவர் முப்பது என்று எழுதி வைத்திருந்தால்தான் நிற்கும்.

அவளுடைய நிரலில் முப்பது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. எழுதியவள் அவளேதான்.

நோயாளி அறை மாறினால் அது முன்மேசைத் திரையில் உடனே தெரிய வேண்டும். அதற்காக அவள் செய்த ஏற்பாடு, போன் பேசுவது மாதிரி. திறந்திருக்கும் ஒவ்வொரு நோயாளிப் பக்கமும் சர்வருக்கு ஒரு போன் போட்டு, "இவரைப் பற்றி ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்டுவிட்டு, போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். சேதி வந்தால் சர்வர் அந்தக் கணமே சொல்லும். முப்பது விநாடிவரை எதுவும் இல்லையென்றால், "ஒன்றும் இல்லை" என்று சொல்லி வைத்துவிடும். பக்கம் உடனே மறுபடி போன் போடும். நாள் முழுக்க இப்படியே. இந்த அழைப்புகளையெல்லாம் பதிவில் எழுதினால் பதிவு நிரம்பி வழியும் என்று, அவற்றை எழுத வேண்டாமென்று சர்வரிடம் சொல்லி வைத்ததும் அவள்தான்.

முப்பது கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விளங்கவில்லை. ஒரு பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொரு பக்கம் ஏன் திறக்காமல் நிற்க வேண்டும்? அவள் தன் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, அடுத்த பக்கத்தைத் திறந்தாள். பறந்தது. முதல் பக்கம் போனைக் காதில் வைத்தபடி சாதுவாக இருந்தது. முப்பதை இருபதாக்கினாள். அப்போதும் பறந்தது. அதே இரண்டு பக்கங்களோடு ஏழெட்டுத் தடவை செய்து பார்த்துவிட்டு, இருபதை மறுபடி முப்பதாக்கி, கொடியில் தொங்கிய சட்டைக் கையை முகத்தில் போட்டுக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள்.

"அது உங்க அண்ணன் ஆபீஸ் சட்டை" என்றாள் அண்ணி. "முகத்தைத் துடைக்காதே."

அக்காவின் திரையை இங்கிருந்தே பார்க்க வழி உண்டு. ஆனால் நோயாளி விவரம் மையத்துக்கு வெளியே போகக் கூடாது என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பார்ப்பதென்றால் நேரில்தான் போக வேண்டும். நேரில் போனால் அது பறக்கும்.

*

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்கு எங்கே போனாலும் முன்கூட்டியே போய் நிற்கிற வியாதி. ஒன்றேமுக்காலுக்கே ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டார்கள். மையம் தூங்கி வழிந்தது. காத்திருப்போர் வரிசையில் ஒரே ஓர் அம்மா, காலை நீட்டிக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார்.

துருவி பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நுழைந்ததும், ரிசப்ஷன் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அய்யோ, வந்துட்டீங்களா? இருங்க, இருங்க. ஒரு நிமிஷம் அந்தப் பக்கமே நில்லுங்க. ஒதுக்கிடறேன்."

"எதை ஒதுக்கறீங்க?"

அக்கா மவுஸைப் பிடித்து, திரையின் உச்சியில் டக், டக், டக்கென்று அழுத்திக்கொண்டே போனார். துருவி எட்டிப் பார்த்தாள். பிரவுசரின் மேல் ஓரத்தில், சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக, வரிசையாகப் பக்கங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று மறைந்துகொண்டிருந்தது.

"அக்கா! கையை எடுங்க!"

தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்தார். அக்கா சுட்டுவிட்டது போல மவுஸை விட்டார்.

"என்ன தங்கச்சி, கத்தறீங்க?"

"இதெல்லாம் என்னக்கா?"

"என்னன்னா? உள்ளே இருக்கற பேஷன்ட்ஸ்."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கமா?"

"வேற எப்படி?" அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "முன்னாடி அட்டை இருந்துச்சே. ஒருத்தர் உள்ளே போனா அவர் அட்டை மேசை மேல. வெளியே வந்தா அட்டை பெட்டிக்குள்ள. மேசையில எத்தனை அட்டையோ, உள்ளே அத்தனை பேரு. ரெண்டு மாசம் முன்னாடி பெரிய டாக்டர், இனிமே அட்டையே வேண்டாம், எல்லாம் திரையிலேயே பாருங்கன்னு அத்தனையையும் கட்டிக் கீழே அனுப்பிட்டாரு. சரின்னு நானும் உள்ளே போனா ஒரு பக்கம் திறக்கறேன், வெளியே வந்தா மூடறேன். எண்ணிப் பார்த்தா கணக்குச் சரியா இருக்கும்."

"இப்போ ஏன் மூடினீங்க?"

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க வெளியாளாச்சே."

"நானா?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. வெளியாள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தா அட்டையைக் கவுத்து வைக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தது. யாருக்கு என்ன வலின்னு வெளியாள் பார்க்கக் கூடாது. திரையைக் கவுத்து வைக்க முடியுமா? அதான் மூடிடறேன். நீங்க போனதும் மறுபடி ஒவ்வொண்ணா திறந்துக்குவேன்."

"இதை ஏன்க்கா நீங்க சொல்லவே இல்லை?"

"இதுல சொல்ல என்ன இருக்கு?"

அதுதானே. வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றினேன் என்று யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

துருவியின் தலைக்குள் எங்கோ ஒரு மூலையில், பல வருஷம் முன்னால் படித்துவிட்டு மறந்த ஒரு வரி புரண்டு படுத்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "அக்கா, மிச்சம் இருக்கறதையும் மூடிடுங்க. நான் திரும்பி நிக்கறேன். அப்புறம் என்னோட பொய் நோயாளியை மட்டும் திறப்போம். ஒரே ஆளை எத்தனை தடவை வேணாலும் திறக்கலாம்."

ஒன்று திறந்தார்கள். பறந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் பறந்தன. ஆறாவதும் திறந்தது. ஏழாவதைத் தட்டினாள்.

வெள்ளைத் திரை.

"இதோ! இதேதான்!" என்று அக்கா கை தட்டாத குறையாகக் குதித்தார். வெள்ளைத் திரையைப் பார்த்து உலகத்தில் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். "இதுதான் தங்கச்சி! இப்படித்தான் நிக்கும்!"

"எண்ணுங்க" என்றாள் துருவி. பதினாறு விநாடி கழித்துப் பக்கம் வந்தது.

அண்ணி தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கும் சொல்லித் தொலையேன்" என்றாள்.

துருவிக்குச் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. ஒரு பிரவுசர், ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் எத்தனை தொடர்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளாது. சர்வர் நசுங்கிவிடக் கூடாது என்று அதுவே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துருவியின் சர்வர் பேசுகிற பழைய முறையில் அந்தக் கட்டுப்பாடு ஆறு. ஒரு வீட்டில் ஆறே போன்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை பக்கம் திறந்திருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக அந்த ஆறுதான். அக்கா ஆறு நோயாளிகளைத் திறந்து வைத்தால், ஆறு பக்கமும் ஆளுக்கொரு போனைக் காதில் பிடித்துக்கொண்டு சேதிக்காகக் காத்திருக்கும். ஏழாவதாக வருகிறவருக்குப் போன் இல்லை. யாராவது ஒருவர் வைக்கும்வரை நிற்க வேண்டும். அதிகபட்சம் முப்பது விநாடி. காத்திருக்கும் பெஞ்ச் வழியில் எங்கேயும் இல்லை. அது பிரவுசருக்குள்ளேயே இருந்தது. அங்கே நடப்பது சர்வருக்கு எப்படித் தெரியும்?

காலையில் ஏன் வேகம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. காலையில் எல்லாரும் அறை மாறிக்கொண்டே இருப்பார்கள். சேதி வந்துகொண்டே இருக்கும், போன்கள் சட்டுச் சட்டென்று விடுபடும். மதியம் எல்லாரும் சூடு வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார்கள். சேதி இல்லை. ஆறு போன்களும் முப்பது விநாடி முழுக்கக் காதிலேயே இருக்கும்.

"அப்போ தப்பு அக்கா மேலயா, நம்ம மேலயா?" என்றாள் அண்ணி.

"ஆறு பேருக்கு மேல திறப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை அண்ணி. நம்ம மேலதான்."

"மெதுவாச் சொல்லு."

மணி இரண்டேகால். துருவி தன் மடிக்கணினியை மேசை ஓரத்தில் விரித்தாள். செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் பக்கம் மட்டும் போனைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்னால் மறைந்திருக்கும் பக்கங்கள் போனை வைத்துவிடட்டும். அக்கா திரும்பி அதைப் பார்க்கும்போது மறுபடி எடுத்தால் போதும். பத்துப் பன்னிரண்டு வரிகள். எழுதி, சர்வரில் ஏற்றி, எதையும் மூடாமல் பொய் நோயாளியை இருபது தடவை திறந்தாள். இருபதும் பறந்தன.

*

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பெரிய டாக்டர் தானே மேசைக்கு வந்தார். துருவி ஆறு போன் கதையை முதலிலிருந்து சொன்னாள். தாளில் படம் போட்டுக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

"ஆக, இவங்க பதினாலு பக்கம் திறந்து வைக்கறதுதான் காரணம். நான் சொன்னதும் அதானே?"

"இல்லை சார். பதினாலு திறந்தாலும் ஓடற மாதிரி நான் எழுதியிருக்கணும்."

"ஆனா இவங்க திறக்காம இருந்திருந்தா?"

"அட்டை இருந்தப்போ மேசையில பதினாலு அட்டை இருக்கும் சார்" என்றார் அக்கா. "நீங்கதான் அட்டை வேண்டாம்னீங்க."

"அது சரி. வெளியாள் வந்ததும் எதுக்கு மூடினீங்க? மூடாம இருந்திருந்தா இவங்க முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பாங்களே?"

"கவுத்து வைக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான் சார். நான் சேர்ந்த அன்னிக்கு."

பெரிய டாக்டர் சொல்லிக் கொடுத்ததை ஒருவர் பத்தொன்பது வருஷமாக அப்படியே செய்துகொண்டிருக்கிறார் என்பதற்குக் கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொய் நோயாளியைத் தானே திறக்கத் தொடங்கினார். ஏழு, எட்டு, பத்து, பதினைந்து. எல்லாம் பறந்தன. அவர் முகம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் குழம்பியது.

"நல்லா ஓடுது" என்றார். "ஆனா நீங்க வந்தா எப்பவுமே நல்லாத்தானே ஓடும்? போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கும் முந்தின தடவையும் இப்படித்தான். இது சரியாயிடுச்சுன்னு நான் எப்படி நம்பறது?"

ஏழாவது பக்கம் நின்றதை அவர் பார்க்கவில்லை. இப்போது மறுபடி பழையபடி ஆக்கிக் காட்டினால், கெடுத்தது யார், சரி செய்தது யார் என்று இன்னொரு குழப்பம் வரும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒழுங்காக ஓடுவதும், ஒழுங்காக ஓடுவது போல நடிப்பதும், உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒன்றுதான்.

அண்ணி இந்தத் தடவை யார் காலையும் மிதிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள். "சார், இது மெதுவா ஓடுதுன்னு இந்த மையத்துல யாருக்குத் தெரியும்?"

"இவங்கதான் சொல்றாங்க."

"வேற யாரும் கண்ணால பார்த்ததில்லை. அப்போ சரியாயிடுச்சான்னும் இவங்களாலதான் சொல்ல முடியும். இவங்க இதே நாற்காலியில இருந்து, இதே மாதிரி பதினாலு பக்கம் திறந்து வச்சாத்தான் தெரியும். திங்கக்கிழமை இங்க வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்தாங்கன்னு வைங்க. அவங்க ஒரே பக்கம்தான் திறப்பாங்க. நல்லா ஓடும். சரியானதால ஓடுதா, ஒரே பக்கம்ங்கறதால ஓடுதான்னு கடைசிவரைக்கும் உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

பெரிய டாக்டர் அதை இரண்டு தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார் போலிருந்தது. இரண்டு தடவையும் அது அவருக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்று சொல்ல முடியவில்லை.

"அப்போ ரிப்போர்ட்?"

துருவி எழுதினாள். குறை செயலியில் இருந்தது, முன்மேசையில் இருப்பவர் வேலை செய்யும் முறையில் இல்லை. திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. திருத்தம் வேலை செய்கிறதா என்று உறுதி செய்ய, அதே நபர் அதே மேசையில், வழக்கமான முறையிலேயே, குறைந்தது இரண்டு மாதம் பணியாற்ற வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டாள். அவர் வாங்கி, நின்றபடியே மூன்று தடவை படித்தார்.

"நான் கேட்டது வேற ஒண்ணாச்சே" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவருகில் நின்று திரும்பினார். "ரெண்டு மாசம். அதுக்கப்புறம் பார்க்கலாம்."

அக்கா அவர் கதவு மூடும்வரை அசையாமல் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அதை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். வாசலில் ஒரு பெண் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"ரொம்ப நன்றி தங்கச்சி. சரி, ரெண்டு பேரும் வெளியே போங்க" என்றார் அக்கா.

"அக்கா, ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

"எல்லார் பக்கத்தையும் திறக்கணும்ல? நீங்க வெளியாள். கிளம்புங்க."

வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் படியில் நின்றுகொண்டு இருவரும் உள்ளே பார்த்தார்கள். திரை தெரியவில்லை. அதன் முதுகும், அதற்கு மேல் அக்காவின் நெற்றியும் மட்டும் தெரிந்தன. நெற்றி அசையாமல் இருந்தது. அது காத்திருக்கும் நெற்றியா, வேலை செய்யும் நெற்றியா என்று சொல்ல முடியவில்லை. தோளைப் பிடித்த பெண் ஏதோ கேட்டாள். அக்கா ஏதோ சொன்னார். பெண் உள்ளே போனாள்.

"சரியாயிடுச்சா?" என்றாள் அண்ணி.

"தெரியலை அண்ணி" என்றாள் துருவி. "நாமதான் பார்த்துட்டே இருக்கோமே."